பேரவைக்குச் சொந்தமான முட்டி

உயிரோடு இருக்கிற மனிதருக்கு நினைவுப் பேரவை வைத்திருக்கும் ஊர் உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ரயிலடிக் கால்பந்து அணியில் ஒரு காலத்தில் இடது ஓரத்தில் ஓடிய குதிரை என்பவரின் பெயரால் அது நடந்து வருகிறது. குதிரை என்பது ரசிகர்களாகிய நாங்கள் வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அவர் மனைவிக்குக் கோபம் வந்தால் மட்டும் அது வெளியே வரும்.

பேரவை தொடங்கிய அன்று குதிரையே எழுந்து, "நான் இன்னும் சாகலையே, எதுக்குப்பா நினைவுன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

தலைவர் பொறுமையாக விளக்கினார். "அண்ணே, பேரைப் பதிவு பண்ணியாச்சு. இனி மாத்தணும்னா மறுபடி அலையணும். நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுக்கணும்."

குதிரை அனுசரித்துக்கொண்டார். விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் வேலைக்குப் போனார் என்று பலர் நினைக்கிறார்கள். அது பகல் வேலை. முழுநேர வேலை எங்களை அனுசரிப்பது.

தலைவர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 'மேற்படி' என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. செயலாளர் நாற்காலியும் மைக்கும் வாடகைக்கு விடுகிறவர். ஆகவே பேரவைக்கு அடிக்கடி கூட்டம் தேவைப்படும். நான் செயற்குழுவில் இருக்கிறேன். இதுவரை செயல் எதுவும் எனக்கு ஒதுக்கப்படவில்லை.

பிறந்தநாள் விழா எப்படி நடக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததையெல்லாம் நான் கயிறு திரிப்பதாக நினைப்பீர்கள்.

விழா மௌனத்தில் தொடங்கும். தலைவர் அதற்கு முன்பு நடத்திய பொதுக்கூட்டங்கள் எல்லாம் இரங்கல் கூட்டங்கள். கூட்டம் என்றால் முதலில் எழுந்து நிற்க வேண்டும், தலையைக் குனிய வேண்டும் என்று அவருக்குப் பழகிவிட்டது. முதல் வருடம் குதிரையும் எங்களோடு எழுந்து தலைகுனிந்து நின்றார். முடிந்ததும் பக்கத்திலிருந்த என்னிடம், "யாரு போயிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தலைவரைக் கேட்டோம். அவர் யோசித்துப் பார்த்து, "அண்ணனோட இளமை" என்றார்.

அடுத்தது கோல். ரயிலடிக்கும் ஆற்றங்கரைக்கும் நடந்த இறுதிப் போட்டியில், கடைசி நிமிடத்தில், குதிரை தன் இடது முட்டியால் போட்ட கோல். நாங்கள் வாங்கிய ஒரே கோப்பை அந்த முட்டி வாங்கிக் கொடுத்ததுதான். செயலாளர் மைக்கைப் பிடித்து அந்தக் கோலை வர்ணிப்பார். பேரவை தொடங்கிய வருடத்தில் பந்து கோலுக்குப் பக்கத்திலிருந்து போயிற்று. பிறகு வருடாவருடம் பின்னால் நகர்ந்து, இப்போது மைதானத்தின் நடுக்கோட்டில் வந்து நிற்கிறது. முட்டியால் நடுக்கோட்டிலிருந்து கோல் போட முடியுமா என்று கேட்டால், அதனால்தானே விழா எடுக்கிறோம் என்பார் செயலாளர்.

குதிரை ஒருமுறை திருத்தப் பார்த்தார். "அப்படியெல்லாம் இல்லப்பா. ஷூ லேஸ் அவுந்துபோச்சு. குனிஞ்சு கட்டிட்டு எந்திரிச்சேன். பந்து எங்கேருந்தோ வந்து முட்டியில பட்டு உள்ள போயிடுச்சு. நான் பார்க்கவே இல்ல. எல்லாரும் மேல விழுந்து கட்டிப் பிடிச்சப்பதான் கோல்னே தெரிஞ்சுது."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒருவர், "அண்ணனுக்கு வயசாகுது, ஞாபகம் தவறுது" என்று வருத்தப்பட்டார். தலைவர் இரண்டு வர்ணனைகளையும் வாக்கெடுப்புக்கு விட்டார். லேஸ் கட்சிக்குக் குதிரையின் கையும் அவர் மனைவியின் கையும் தூக்கப்பட்டன. அண்ணி பேரவை உறுப்பினர் இல்லை என்பதால் அவருடைய கை எண்ணப்படவில்லை. தாவிப் பறந்து முட்டியால் இடித்ததாகத் தீர்மானம் நிறைவேறியது. தோல்வியைப் பெருந்தன்மையாக ஏற்கிற ஆட்டக்காரர் போலக் குதிரை அந்தத் தீர்மானத்துக்கும் கைதட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த முட்டி வலிக்கத் தொடங்கியது.

மைதானத்தில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மீட்டர் பார்க்க ஏறி இறங்கிய படிக்கட்டுகள்தான் அதைத் தேய்த்துவிட்டன. இதைக் குதிரை எத்தனையோ முறை சொன்னார். பேரவை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வெளியீடுகளில் அது 'கோப்பை தந்த வலி' என்றே வரும்.

குதிரையின் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் அண்ணியின் தையல் கடை. காலையில் அண்ணி இறங்கிப் போனால் இருட்டியபின் ஏறி வருவார். மீட்டர் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றபின் இரண்டு வருடமாகக் குதிரை கீழே போனதில்லை, பிறந்தநாளும் ஒன்றிரண்டு தடவை ஆஸ்பத்திரியும் தவிர. பிறந்தநாளன்று மட்டும் நாங்கள் செயலாளரின் நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கி, கோஷம் போட்டுக்கொண்டே மண்டபம் வரை கொண்டுபோவோம். மாலையில் அதே மாதிரி கொண்டுவந்து வைத்துவிடுவோம். பொருளைத் திருப்பி ஒப்படைப்பதில் செயலாளர் கறார்.

ஒருநாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். குதிரை சமையலறைச் சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சன்னலுக்குக் கீழேதான் கடையின் பின்கதவு.

"இங்க என்ன பண்றீங்க?"

"கேட்டுட்டிருக்கேன். கீழே யாரோ வந்திருக்காங்க. அவ சிரிக்கறா."

எனக்கும் கேட்டது. தையல் மெஷின் சத்தம், ஏதோ பேச்சு, அண்ணியின் சிரிப்பு.

"ராத்திரி மேல வந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுவா. ஆனா களைச்சுப் போயிருப்பா பாரு, பாதிச் சிரிப்புதான் வரும்" என்றார் குதிரை. "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் ஒண்ணும் கிடையாது. கீழே இறங்கி அந்தக் கடை பெஞ்சுல உக்காரணும். பட்டன் தைக்கச் சொன்னா தைக்கறேன். அவ்வளவுதான்."

அந்த வருடப் பிறந்தநாள் விழாவில் மௌனம் முடிந்து, கோல் முடிந்து, கேக் வெட்டியபின் குதிரை மைக்கை வாங்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"உங்களுக்கெல்லாம் ஒரு நல்ல சேதி. எனக்கு ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்லிட்டாங்க. தேய்ஞ்ச முட்டியை எடுத்துட்டுப் புது முட்டி வைக்கறாங்களாம். அடுத்த வருஷம் நீங்க யாரும் தூக்க வேண்டாம். நானே நடந்து வந்துருவேன்."

கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். "எந்த முட்டி?"

"இடது."

பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

அங்கேயே, கேக் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே, அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் பேசினார். "மேற்படி முட்டியானது ஒரு தனிநபரின் உடலில் தற்காலிகமாக இருந்துவரினும், அது இந்தப் பேரவையின் ஆதாரச் சின்னமாகும். கோப்பை துருப்பிடித்துவிட்டது. மைதானத்தில் கட்டடம் வந்துவிட்டது. பந்து எங்கே என்று தெரியவில்லை. மிச்சமிருப்பது மேற்படி முட்டி ஒன்றே. அதையும் கழற்றிவிட்டால் நாம் எதற்கு மாதாமாதம் கூடுகிறோம் என்று நாளைக்கு ஒருவன் கேட்டால் என்ன பதில் சொல்வது?"

இது எங்கள் எல்லோருக்குமே உறைத்தது.

செயலாளர் அடுத்து எழுந்தார். "அண்ணன் நடந்து வர்றேங்கறார். சந்தோஷம். ஆனா ஊர்வலத்துல தூக்கற நாற்காலி என்ன ஆகும்? அதுல அண்ணன் பேரெழுதி வெச்சிருக்கேன். வேற எந்தக் கல்யாணத்துக்கும் அதை அனுப்ப முடியாது. நான் என்னைப் பத்திப் பேசல, மரபைப் பத்திப் பேசறேன்."

அண்ணி எழுந்தார். "அது அவரோட முட்டிங்க."

"அண்ணி, அவர்கிட்ட இருக்குங்கறதை நாங்க மறுக்கலையே" என்றார் தலைவர். "அது வேற விஷயம்."

"வலிக்கறது அவருக்கு."

"வலியில எங்களுக்கும் பங்கு இருக்கு. வெளியீட்டுல போட்டிருக்கோம்."

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆபரேஷனுக்குக் கண்டனம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. குதிரை நாற்காலியில் உட்கார்ந்தபடி கையில் கேக்கோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாவது மாடியில் வைத்துவிட்டு வந்தோம்.

தீர்மானத்தின் நகல் ஒன்று ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டருக்குப் போயிற்று. அந்த டாக்டர் எங்கள் பேரவையின் ஆயுள் உறுப்பினர். கூட்டத்துக்கு வர நேரமில்லாததால் தன் உணர்ச்சி என்ன என்று அதுவரை அவருக்குத் தெரியாமல் இருந்தது. நகலைப் படித்ததும் தெரிந்துவிட்டது. மறுநாள் குதிரைக்குப் போன் செய்தார்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. அந்த முட்டியில கத்தி வைக்க எனக்கு மனசு வரல. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தேன், கண்ணு கலங்கிடுச்சு. எலும்பே தெரியல, கோப்பைதான் தெரியுது."

"எலும்பு தெரியலன்னா கண்ணாடி போட்டுப் பாருங்க டாக்டர். தேதி குறிச்சாச்சே."

"வேற ஏதாவது இருந்தா சொல்லுங்கண்ணே. குடல்வால் இருந்தா இப்பவே எடுத்துடறேன்."

"குடல்வால் நல்லாத்தான் இருக்கு."

"வலது முட்டி?"

குதிரை போனை வைத்துவிட்டார்.

இதற்கிடையில் பேரவைக்குள் ஒரு மிதவாதப் பிரிவு தோன்றியிருந்தது. ஆபரேஷன் நடந்தே தீரும் என்றால் அதற்கு முன்னால் முட்டியை அச்செடுத்து வைத்துக்கொள்வோம் என்பது அதன் கொள்கை. அதற்கு ஒரு துணைக்குழு அமைத்து என்னையும் போட்டார்கள். துணிக்கடைகளுக்கு ஆளுயரப் பொம்மை செய்து கொடுக்கும் ஒருவரைப் பிடித்து மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனோம். அவர் மாவைக் குழைத்துக்கொண்டே, "இது பேன்ட் மாட்டற காலா, பாவாடை மாட்டற காலா?" என்று விசாரித்தார்.

"நடக்கற கால்" என்றார் குதிரை.

"அப்படி நான் செஞ்சதில்லையே."

பூசினார். இறுகியது. கழற்றப் பார்த்தால் வரவில்லை. உயிருள்ள காலில் முடி இருக்கும் என்ற விஷயம் பொம்மைக்காரருக்குத் தொழிலில் எதிர்ப்பட்டதே இல்லை. எண்ணெய் தடவாமல் பூசிவிட்டார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். குதிரை ஆட்டக்காரராக இருந்த காலத்தில்கூடக் கேட்டிராத சில வார்த்தைகளை அன்று அவர் வாயிலிருந்து கேட்டோம். சத்தம் கீழே கேட்டு, அண்ணி கையில் கத்தரிக்கோலோடு மேலே வந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். நான் பொம்மைக்காரருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் அண்ணி.

போனோம். அச்சின் ஒரு பாதியைச் சன்னல் வழியாக அவரே வீசினார். அதை எடுத்துவந்து பேரவை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் தட்டு என்கிறார்கள்.

அதன்பிறகுதான் அண்ணி காரியத்தைத் தன் கையில் எடுத்தார். அவர் கடைக்கு ஒரு டாக்டரம்மா கோட்டின் கையைக் குட்டையாக்கக் கொண்டுவருவார். எலும்பு டாக்டர். அண்ணி ஊசியை வாயில் கவ்விக்கொண்டே விஷயத்தைச் சொல்ல, டாக்டரம்மா ஒரு கை மட்டும் மாட்டிய கோட்டோடு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "நான் பண்றேன்" என்றிருக்கிறார்.

ஒரே ஒரு சிக்கல். டாக்டரம்மா ஆற்றங்கரைக்காரர். அதுவும் சும்மா ஆற்றங்கரைக்காரர் இல்லை.

குதிரையைப் பரிசோதிக்க மாடியேறி வந்தபோது நான் அங்கே இருந்தேன். பேரவை சார்பில் கண்காணிக்க அனுப்பியிருந்தார்கள். டாக்டரம்மா முட்டியை மடக்கினார், நீட்டினார், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா, ரொம்ப மோசமா?" என்றார் குதிரை.

"இல்ல சார். சின்ன வயசுலேருந்து கேள்விப்பட்டது. நேர்ல இப்பதான் பார்க்கறேன்."

"யாரு சொல்லிக் கேள்விப்பட்டது?"

"எங்க அப்பா. நீங்க அந்தக் கோல் போட்டப்ப கோல்கீப்பரா நின்னவர்."

குதிரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் எழுந்து நின்றேன். பேரவையிலிருந்து எனக்குக் கொடுத்திருந்த உத்தரவில் இப்படி ஒரு நிலைமைக்கு வழி சொல்லப்படவில்லை.

"அப்பா இப்ப..."

"போய்ச் சேர்ந்துட்டார். கடைசி வரைக்கும் ஆப்சைடு, அந்தக் கோல் செல்லாதுன்னுதான் சொல்லிட்டிருந்தார். நர்ஸ்கிட்ட, ஆக்சிஜன் மாட்ட வந்தவர்கிட்ட, எல்லார்கிட்டயும். கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க சார். ஆப்சைடா?"

குதிரை கொஞ்சம் யோசித்தார். "லேஸ் கட்டிட்டிருந்தேம்மா. எனக்கு எந்த சைடும் தெரியல."

டாக்டரம்மா சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "லேஸா? அப்பாவுக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார். நீங்க கண்ணாலயே அவரை ஏமாத்திட்டீங்கன்னு நினைச்சுதான் தூக்கம் போச்சு அவருக்கு."

"நல்ல கோல்கீப்பர்மா. அன்னிக்கு அதுக்கு முன்னாடி நான் அடிச்ச நாலையும் பிடிச்சார். ஒண்ணு எப்படிப் பிடிச்சார்னு இன்னிக்கும் எனக்குப் புரியல. யாரும் அதைப் பேச மாட்டேங்கறாங்க."

டாக்டரம்மா முட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசியில், "அந்த முட்டியில கத்தி வைக்கணும்னு அப்பா அடிக்கடி சொல்லுவார் சார்" என்றார். "அவர் சொன்னது வேற மாதிரி. நான் ஒழுங்கா வெச்சுத் தரேன்."

"எதிரி கையில் முட்டி" என்று செயலாளர் தட்டி எழுதி ஆஸ்பத்திரி வாசலில் கட்டினார். ஆபரேஷன் அன்று பேரவை முழுவதும் அங்கே திரண்டது. மைக் செட்டை இறக்கியதும் காவலாளி வந்து, இது நோயாளிகள் இருக்கும் இடம், சத்தம் போடக் கூடாது என்றார். கோஷம் போட முடியாத போராட்டத்தை எப்படி நடத்துவது என்று மற்றவர்கள் கலங்கியபோது தலைவர் முன்னால் வந்து தலையைக் குனிந்தார். சத்தமில்லாமல் நிற்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிரமாதமாக நின்றோம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எங்கள் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குதிரை கண் விழித்துவிட்டார், தண்ணீர் கேட்டார் என்று டாக்டரம்மா வந்து சொன்னார். தலைவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

"மேற்படி எலும்பு எங்கே?"

"அதெல்லாம் கழிவு. தனி வண்டியில ஏத்தி அனுப்பிடுவாங்க. விதி அப்படி."

விதி என்றதும் தலைவர் அடங்கிவிட்டார். விதியோடு அவர் என்றுமே மோதியதில்லை. ஆனால் அந்த வண்டி பின்பக்க வாசலால் புறப்பட்டபோது, யார் தொடங்கினார்கள் என்று தெரியாது, நாங்கள் அத்தனை பேரும் அதன் பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தோம். செயலாளர் பூ வாங்கிவந்து வண்டியின் மேல் வீசினார். ஓட்டுநர் இரண்டு முறை நிறுத்தி, "உள்ள என்னங்க இருக்கு, எனக்குத் தெரியாம?" என்று கேட்டார். ஊர் எல்லை வரை போய்த் திரும்பினோம். பேரவை தொடங்கிய நாளிலிருந்து அதன் பெயருக்குப் பொருத்தமாக ஒரு காரியம் நடந்தது அன்றுதான். எல்லோருக்கும் நிறைவாக இருந்தது.

அடுத்து வந்த கூட்டங்களில் புது முட்டியின் நிலை பற்றி விவாதம் நடந்தது. அது வெளிநாட்டில் செய்யப்பட்டது, ஆகவே அந்நிய ஆட்டக்காரர் கணக்கில் வரும் என்று ஒரு தரப்பு. பொருத்தியது ஆற்றங்கரை, ஆகவே அது அவர்களுடைய ஆள் என்று இன்னொரு தரப்பு. தலைவர் பழைய சட்டப் புத்தகங்களையெல்லாம் புரட்டி, மேற்படி முட்டியை ஆற்றங்கரையிடமிருந்து இரவலாகப் பெற்ற ஆட்டக்காரராகக் கருதலாம், ஆனால் கோல் எதுவும் அதன் பெயரில் எழுதக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். இந்த விவாதம் முடிவதற்குள் குதிரை சுவரைப் பிடித்து நடந்து, தடியை ஊன்றி நடந்து, தடியை மூலையில் சாத்திவைத்துவிட்டுப் படியிறங்கத் தொடங்கியிருந்தார். பேரவை இதைக் கவனிக்கவில்லை. முட்டி விஷயமாகத்தான் தலைக்கு மேல் வேலை இருந்ததே.

பிறந்தநாள் வந்தது. அண்ணன்தான் நடக்கிறாரே, நாற்காலி எதற்கு என்று நான் கேட்டேன்.

"நடக்கறது அவரோட சொந்த விஷயம்" என்றார் செயலாளர். "தூக்கறது பேரவையோட விஷயம்."

நாற்காலி, கேக், கொடி எல்லாவற்றோடும் மூன்றாவது மாடி ஏறினோம். தலைவரும் அந்த வருடம் கூடவே ஏறினார். புது முட்டியை முறைப்படி வரவேற்று ஒரு உரை எழுதி வைத்திருந்தார். மேலே போய்ச் சேரும்போது எல்லோருக்கும் நாக்குத் தள்ளியிருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது.

தட்டினோம். பூட்டுத் தொங்கும் கதவைத் தட்டுவதில் பயனில்லை என்று தெரிந்தும் முறைக்காகத் தட்டினோம். அப்போது செயலாளர் மாடிப்படிச் சன்னல் வழியாகக் கீழே பார்த்துவிட்டு, "அண்ணே" என்று கத்தினார்.

எல்லோரும் சன்னலுக்கு ஓடினோம். கீழே தையல் கடையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, குதிரையும் அண்ணியும் கையில் ஒரு பையோடு தெருவில் இறங்கியிருந்தார்கள். குதிரை நிமிர்ந்து பார்த்தார். சன்னலில் அடுக்கடுக்காக எங்கள் தலைகளையும், கொடியையும், நாற்காலியின் கால்களையும் கண்டார். தெருவின் எதிர்ப்பக்கம் பஸ் ஒன்று வந்து நின்றது. அண்ணி முன்னால் ஓடி ஏறிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி டிரைவரை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டார். டிரைவர் கேட்கவில்லை. பஸ் மெதுவாக நகர்ந்தது.

குதிரை ஓடினார்.

முதல் நான்கு எட்டு நொண்டலாகத்தான் இருந்தது. ஐந்தாவது எட்டில் எதுவோ சரியாகிவிட்டது. குறுக்கே காஸ் சிலிண்டர் ஏற்றிய தள்ளுவண்டி வந்தது. வண்டிக்காரர் பதறி ஒரு பக்கம் ஒதுங்கினார், குதிரையும் அதே பக்கம் போவது போல இடது தோளைச் சாய்த்தார், சாய்த்த மறுகணமே மறுபக்கமாக வந்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது அந்தத் தோள் சாய்ப்பைப் பார்த்து. அதை நாங்கள் ஒருமுறைகூட வர்ணித்ததில்லை. அடியோடு மறந்தே போயிருந்தோம்.

"போ, போ, போ" என்று யாரோ என் காதுக்குள் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். தலைவர். சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உரை எழுதிய தாள் காலடியில் கிடக்க, "விடாத, ஓரத்துல போ, ஓரத்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி பஸ்ஸிலிருந்து கையை நீட்டினார். குதிரை பிடித்தார். உள்ளே போனார். அண்ணியின் சிரிப்பு மூன்று மாடி ஏறி எங்களுக்கு முழுசாகக் கேட்டது.

நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. செயலாளர் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். அவருடைய ஒரு கையில் கேக் இருந்தது, இப்போது என் முதுகில் இருந்தது. பஸ் திருப்பத்தில் மறையும் வரை கையைத் தட்டிக்கொண்டே இருந்தோம்.

பிறகு வெகுநேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறந்தநாளுக்கு உரியவர் போய்விட்டார். எங்கே என்றும் தெரியாது. இனி இறங்க வேண்டியதுதான் என்று திரும்பினால், தலைவர் சன்னலை விட்டு நகரவில்லை.

"என்ன சார்?"

"கொஞ்சம் குதிச்சுட்டேன் போலிருக்கு" என்றார் தலைவர், ரொம்பச் சின்னக் குரலில். "கால் ஊன்ற முடியல."

ஆளுக்காள் பார்த்துக்கொண்டோம். பிறகு அவரை மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கி, படிப்படியாக இறக்கினோம். கொடிக்காரர் பழக்க தோஷத்தில் முன்னால் நடந்தார். தெருவுக்கு வந்ததும் வழியில் நின்றவர்கள், "இன்னிக்கு யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார்கள்.

இவருக்குத்தான் என்று சொல்லிவிட்டோம். தூக்கியாகிவிட்டதே, வேறு என்ன சொல்வது.